கேட்பவர் முதலில் சொல்ல வேண்டும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர்களே, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் டாக்டரம்மாவின் கணவர் அவர்களே, மகளே, அவரிடம் பாடம் கேட்டவர்களே, அவரிடம் கனவு சொன்னவர்களே, கனவு சொல்ல வந்து அந்த நாற்காலியிலேயே அயர்ந்து தூங்கிப் போனவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்ல. என் வேலை புள்ளியியல். டாக்டரம்மா தொடங்கிய கனவு ஆய்வுப் பிரிவில் மற்றவர்கள் சேகரித்து வந்ததைக் கூட்டிக் கழித்து, இதை நம்பலாம், இதை நம்ப முடியாது என்று சொல்வது என் பொறுப்பு. டாக்டரம்மா என்னைக் 'கணக்கு சார்' என்று கூப்பிடுவார். பிறகு கல்லூரி முழுவதும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்பது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் பேசப்போகிற விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை. அதைப் பொறுத்தவரை நான் தெளிவாக இருக்கிறேன்.

மனிதர்கள் ஏன் கனவு காண்கிறார்கள்? நம் டாக்டரம்மா வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. மூளை பகலில் சேர்த்ததை இரவில் அடுக்கி வைக்கிறது, அந்தச் சத்தம்தான் கனவு என்கிறார்கள் சிலர். ஆபத்து வந்தால் எப்படித் தப்புவது என்று மனம் ஒத்திகை பார்க்கிறது என்கிறார்கள் வேறு சிலர். தூக்கத்தில் மூளை சும்மா பொறி தட்டுகிறது, அதற்கு ஒரு கதையை நாம்தான் தைத்துக்கொள்கிறோம் என்பவர்களும் உண்டு. முதலாண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து, "இதுல எதும்மா உண்மை?" என்று கேட்டாள். டாக்டரம்மா யோசிக்கவே இல்லை.

"தெரியாது. வயிறு எப்படி வேலை செய்யுதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே வயித்துவலிக்கு மருந்து குடுத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க? நாம அந்தக் காலத்துல இருக்கோம். உக்காரு."

தெரியாது என்று சொல்ல அவர் கூச்சப்பட்டதே இல்லை. ஆனால் அவருக்கென்று ஓர் எண்ணம் இருந்தது. பகலில் நாம் விழுங்குகிற அச்சத்தையும் அவமானத்தையும் துக்கத்தையும் மனம் தூக்கத்தில் செரிக்கிறது. நடந்தது நினைவில் இருக்கும், அதன் முள் மட்டும் மெல்ல மழுங்கும். செரிக்க முடியாமல் தொண்டை வரைக்கும் வந்து எழுப்பிவிடுவதுதான் கெட்ட கனவு. ஆகவே திரும்பத் திரும்ப வருகிற கெட்ட கனவு என்பது சாபமும் அல்ல, சகுனமும் அல்ல. வேலை முடியாமல் பாதியில் நிற்கிற ஒரு கனவு. அவ்வளவுதான். இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லி எத்தனை பேரைத் தூங்க வைத்தார்!

தொலைபேசியில் சிலர் பலன் கேட்பார்கள். "அம்மா, பல்லு விழற மாதிரி கனவு வருது. என்ன பலன்?" என்பார்கள். "பல் டாக்டரைப் போய்ப் பாருங்க. பல்லு நல்லாத்தான் இருக்குன்னு அவர் சொல்லிட்டா, புதன்கிழமை இங்க வாங்க" என்பார். கனவுக்கு அர்த்தம் சொல்லும் வேலையை அவர் கடைசிவரை செய்யவில்லை. கனவு கேட்கும் எங்கள் இரண்டாம் மாடி அறையில் அது கூடாது என்றே ஒரு விதி இருந்தது. அந்த விதி எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மேடையில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் அனுமதி பெற்றுத்தான் சொல்கிறேன்.

பிரிவு தொடங்கிய புதிதில் எங்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று கிடைத்தது. இந்த ஊர் மக்களின் கனவில் படிக்கட்டு வருகிறது. கொஞ்சநஞ்சமல்ல, ஏராளமாக வருகிறது. ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், நடுவில் நிற்கிறார்கள். வேறெங்கும் இப்படி வந்ததாகப் படித்ததில்லை. டாக்டரம்மா மாநாட்டுக்குக் கட்டுரை தயார் செய்தார். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. உறுத்துவதுதானே என் உத்தியோகம்? யார் யாருடைய கனவை யார் யார் கேட்டு எழுதினார்கள் என்று பிரித்துப் பார்த்தேன். படிக்கட்டு முழுவதும் ஒரே ஆய்வு உதவியாளரிடமிருந்து வந்திருந்தது.

அந்தப் பெண் அப்போது ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் குடியிருந்தார். அங்கே மின்தூக்கி பழுது. ஏறி இறங்கி முழங்கால் வலி. பாவம், யார் வந்து "ஒரு வீட்டுக்குள்ள இருந்தேன்" என்று கனவைச் சொல்லத் தொடங்கினாலும், இவர் அக்கறையாக, "மாடியிலயா, கீழயா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டவுடன் கனவில் மாடி முளைத்துவிடுகிறது. மாடி வந்தால் படிக்கட்டு வராமல் இருக்குமா?

கனவின் நினைவு அவ்வளவு மெல்லியது. ஈரச் சுவரில் கை வைத்தால் கைத்தடம் பதிவதுபோல், கேட்கிறவரின் கேள்வி அதில் பதிந்துவிடுகிறது.

இதை டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது? மாநாடு நெருங்கிவிட்டது. அவர் அறை வாசலுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "கணக்கு சார், வெளிய நடந்தே தரை தேஞ்சுடும். கெட்ட சேதிதானே? உள்ள வந்து சொல்லுங்க." சொன்னேன். கணக்கை வாங்கி முழுவதும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மாநாட்டில் மேடையேறி, "நான் உங்களுக்குச் சொல்ல வந்த கண்டுபிடிப்பு தவறானது. எப்படித் தவறினோம் என்பதைச் சொல்கிறேன், அது அதைவிடப் பயனுள்ளது" என்று தொடங்கினார். பக்கம் பக்கமாகத் தயாரித்த வெற்றியை ஒரே வாக்கியத்தில் கீழே வைக்க எத்தனை பேரால் முடியும்? நான் அவரிடம் கண்ட துணிவு இதுதான். சரியாக இருப்பதற்கான துணிவு பலரிடம் இருக்கிறது. தவறினேன் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்பதற்கான துணிவு அவரிடம் இருந்தது.

அந்த ஆய்வு உதவியாளரை அவர் கடிந்துகொள்ளவில்லை. 'ஐந்தாம் மாடி' என்று பட்டப்பெயர் மட்டும் வைத்தார். ஐந்தாம் மாடி இன்று சிகிச்சையில் தேர்ந்த பேராசிரியராக இதோ மேடையில் சிரித்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் அறையில் கனவு கேட்பவருக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி. "அப்புறம்?" மாடியா என்று கேட்கக் கூடாது. பயந்தீர்களா என்று கேட்கக் கூடாது. யார் அது, ஏன் அப்படி, என்ன அர்த்தம், எதுவும் கூடாது. அப்புறம்? அவ்வளவே.

இரண்டாவது விதி புதன்கிழமைக்கு உரியது. திங்கட்கிழமை ஆய்வுக்காக வருபவர்கள். புதன்கிழமை உதவி தேடி வருபவர்கள். அப்படி வந்த ஒரு பெண்மணி வாரக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் டாக்டரம்மா, "சரி, நான் என் கனவைச் சொல்றேன்" என்றார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்துக்காக நிற்கிறார்; பேருந்து வருகிறது; நடத்துநர், "செருப்புக்கும் டிக்கெட் எடுங்க" என்கிறார். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். பிறகு பேசத் தொடங்கினார்.

அன்று மாலை டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "டாக்டர் ரூம்ல எப்பவும் ஒருத்தர் மட்டும் சட்டையைக் கழட்டிட்டு நிக்கணும், இன்னொருத்தர் பாத்துக்கிட்டு இருப்பார். இங்க அது வேணாம் சார். கேக்கறவங்க முதல்ல சொல்லணும்."

நான் வழக்கம்போல் மறுத்தேன். "மேடம், நீங்க முதல்ல சொன்னா உங்க கனவு அவங்க கனவுக்குள்ள கசியும். படிக்கட்டு மாதிரி ஆயிடும்."

"கசியட்டுமே. ஆராய்ச்சிக்கு வந்தவங்க கனவு சுத்தமா இருக்கணும். உதவிக்கு வந்தவங்க நல்லா தூங்கணும்."

நான் சரிபார்த்தேன். கசியத்தான் செய்தது. சிலருடைய கனவில் செருப்பு வந்தது. அவர்கள் நன்றாகத் தூங்கினார்கள் என்பதும் கணக்கில் வந்தது. நான் ஒப்புக்கொண்டேன்.

இந்த விதியால் நான் கனவு கேட்கும் இடத்துக்கு வெளியிலேயே இருந்தேன். ஏனென்றால் எனக்குக் கனவு வராது. அறையை இரண்டாகப் பிரித்த தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் என் மேசை. பேசுவது எனக்குக் கேட்கும் என்று வருகிறவர்களிடம் டாக்டரம்மா முதலிலேயே சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் தொடங்குவார். "அவருக்குக் கனவே வராதாம், பயப்படாதீங்க, திருட மாட்டார்" என்பார். என்னிடம் வேறு மாதிரிச் சொல்வார்: "கனவு வராத மனுஷன் கிடையாது சார். நீங்க எழுந்ததும் ஓடிப் போயிடறீங்க. கண்ணைத் திறக்காதீங்க. புரளாதீங்க. இப்ப என்ன நினைச்சுக்கிட்டு இருந்தோம்னு மட்டும் பாருங்க." முயன்றேன். சரியாகப் படுத்திருக்கிறேனா, கண் போதுமான அளவுக்கு மூடியிருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருப்பேன். அதற்குள் கனவு போயிருக்கும்.

டாக்டரம்மாவின் மகள் என்னிடம் சொன்ன ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஊரார் கனவையெல்லாம் கேட்ட அம்மா, வீட்டில் பிள்ளையின் கனவைக் கேட்டதே இல்லையாம். ஏன் என்று மகள் ஒருமுறை சண்டை போட்டிருக்கிறார். "அது உன் சொத்துடி. நீயா குடுத்தா வாங்கிக்குவேன். நான் கேட்டா, அப்புறம் எனக்காகக் கனவு காண ஆரம்பிச்சுடுவ" என்றாராம். சொந்தப் பிள்ளையிடமே அந்த மரியாதை. நம்மில் யாருக்கு அது வாய்க்கும்?

இப்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு பேசுகிறேன். அவர் கிரேன் ஓட்டுநர். கட்டடம் கட்டுகிற இடத்தில், அவர் தூக்கிய கம்பிக் கட்டு விழுந்து, கீழே நின்ற கூட்டாளியின் கால் போயிற்று. விசாரணையில் இவர்மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்கிலிதான் அறுந்தது. ஆனால் தூக்கத்துக்கு விசாரணை அறிக்கை எங்கே புரிகிறது? கண்ணை மூடினால் அதே கனவு. மேலே கூண்டில் இருக்கிறார். கம்பிக் கட்டு ஆடுகிறது. கூட்டாளி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் கத்துகிறார். குரல் வரவில்லை. விழித்துவிடுகிறார். தூங்கவே பயந்து, பகலில் கண் சொருகி, கிரேனில் ஏற முடியாமல் வேலை நின்றுபோன நிலையில் அந்த அறைக்கு வந்தார்.

டாக்டரம்மா தன் கனவைச் சொன்னார். பிறகு இவர் சொன்னார். விழித்த இடம்வரை வந்ததும் அவர் கேட்டார்:

"அப்புறம்?"

"அப்புறம் முழிச்சுக்கிட்டேம்மா."

"முழிச்சது நீங்க. கனவு அங்கயே நிக்குது. அப்புறம்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே டாக்டர்?"

"நான் கிரேன் ஓட்டினதில்லையே தம்பி. அந்தக் கூண்டுக்குள்ள என்ன இருக்கு, எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். அப்புறம்?"

கோபத்தோடு எழுந்து போய்விட்டார். அடுத்த புதன்கிழமை வந்து உட்காருவதற்கு முன்பே, "அம்மா, கூண்டுல ஹார்ன் இருக்கு" என்றார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பேனா நின்றுவிட்டது. இத்தனை நாள் கனவில் குரல் வராமல் கத்திக்கொண்டிருந்தவர், கைக்கெட்டும் தூரத்தில் ஹார்ன் இருப்பதை மறந்திருந்தார். பகல் வெளிச்சத்தில், விழித்தபடியே, அந்த அறையில் உட்கார்ந்து அந்த ஹார்னை அடித்தார். வீட்டிலும் நாள்தோறும் மனத்தில் அடித்துப் பழகினார். ஒரு நாள் தூக்கத்திலேயே அடித்துவிட்டார். கனவில் கூட்டாளி திரும்புகிறார். முகம் தெரிவதற்குள் விழிப்பு வந்துவிட்டது. ஆனால் அன்று வியர்த்து எழவில்லை. "அடுத்த வாரம் சொல்லுங்க, அவர் திரும்பினதுக்கு அப்புறம் என்னன்னு" என்று டாக்டரம்மா அனுப்பி வைத்தார்.

அந்த அடுத்த வாரத்தில்தான் டாக்டரம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது.

மருத்துவமனைக்குப் போனேன். எனக்கு நோயாளிகளிடம் பேச வராது. பழத்தை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "கனவு ஏதாவது வந்ததா மேடம்?" என்று கேட்டுவிட்டேன். முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துச்சே. ரொம்ப நல்ல கனவு. ஆனா விதி தெரியுமில்ல? நீங்க முதல்ல."

"எனக்கு ஏது மேடம்?"

"அப்ப நீங்க சொல்ற அன்னிக்கு நானும் சொல்றேன்."

அவர் கணவர் பக்கத்தில் இருந்தார். "என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறா. நான் சொன்ன கனவு பழசாம், புதுசா கொண்டு வரணுமாம்" என்றார். மூவரும் சிரித்தோம். நான் கடைசியாக அவரைப் பார்த்தது அப்படித்தான். அந்த நல்ல கனவு என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இனி தெரியப்போவதும் இல்லை.

அவர் மறைந்த பிறகு முதல்வர் என்னை அழைத்துப் பேசினார். அன்பாகத்தான் பேசினார். "இரண்டாம் மாடி ரூமை என்ன பண்றது சார்? விடைத்தாள் கட்டு வைக்க எக்ஸாம் செக்‌ஷன்ல இடம் கேக்கறாங்க. நீங்க பொறுப்பு எடுத்துக்கறதா இருந்தா சொல்லுங்க, ரூம் அப்படியே இருக்கட்டும்." இரங்கல் கூட்டத்துக்குள் சொல்வதாகச் சொன்னேன். ஐந்தாம் மாடியிடம் போனேன். "நீங்களே எடுத்துக்குங்கம்மா. படிச்சவங்க நீங்க, சிகிச்சை தெரிஞ்சவங்க நீங்க" என்றேன்.

"சிகிச்சையை நான் பாத்துக்கறேன் சார். புதன்கிழமை தவறாம வர்றேன். ஆனா பொறுப்பு உங்களுது. பக்கத்துல நீங்க உக்காரணும்."

"நான் எதுக்கு?"

"நான் கேள்வி கேட்டே ஊருக்கெல்லாம் மாடி கட்டினவ. நீங்க வாழ்க்கையில ஒருத்தரையும் ஒரு கேள்வி கேட்டதில்ல. அந்த நாற்காலிக்கு உங்களவிட யார் இருக்கா?"

என் கூச்சத்தை இதுவரை யாரும் தகுதியாகச் சொன்னதில்லை. ஆனாலும் விதி இருக்கிறதே? கேட்பவர் முதலில் சொல்ல வேண்டும். சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? முடியாது என்று முதல்வரிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இந்த மண்டபத்தின் வாசலில் கிரேன் ஓட்டுநர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், கனவுல அவன் முழுசாத் திரும்பிட்டான். அதுக்கு அப்புறம் என்னன்னு நான் யார்கிட்ட சொல்றது? புதன்கிழமை ரூம் திறப்பீங்களா?" என்றார். பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன். அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன்.

இன்று காலை நான் கடிகார மணி வைக்கவில்லை. எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று வைக்கவில்லை. விழிப்பு தானாக வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. புரளவில்லை. சரியாகச் செய்கிறேனா என்று பார்க்கவும் தோன்றவில்லை. அது அங்கே இருந்தது. எங்கள் அறையின் வழக்கப்படி, இப்போது நடப்பதுபோலச் சொல்கிறேன்.

நான் நம் கட்டடத்தின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஆம், படிக்கட்டுதான். ஐந்தாம் மாடி சிரிக்கிறார். அம்மா, யாரும் என்னிடம் மாடியா என்று கேட்கவில்லை, தானாகவே வந்தது. டாக்டரம்மாவின் மர நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். கனமாக இருக்கிறது. திருப்பத்தில் ஒரு படியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். செருப்பு கையில் இருக்கிறது. கசிந்திருக்கிறது, என்ன செய்ய?

"கணக்கு சார், அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்கிறார்.

எனக்குத் தர்மசங்கடமாக இருக்கிறது. கட்டுரையில் பிழை இருப்பதைச் சொல்வதுபோல மெதுவாக, "மேடம், நீங்க இறந்துட்டீங்க" என்கிறேன்.

"அது தெரியும். நாற்காலி எங்க போகுதுன்னு கேட்டேன்."

தெரியவில்லை. மாடியில் எங்கும் கதவே இல்லை. சுவராக இருக்கிறது. கை வலிக்கிறது. அங்கே விழித்துவிட்டேன்.

அப்புறம்?

இதைக் கேட்க வேண்டியவர் இன்று இல்லை. ஆகவே நானே கேட்டுக்கொள்கிறேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதானே? விழித்தது நான், கனவு அங்கேயே நிற்கிறது. அப்புறம்?

அப்புறம், நாற்காலியை ஒரு படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்கிறேன். மறுபடி தூக்குகிறேன். இரண்டாம் மாடி. இடது பக்கம் திரும்புகிறேன். கடைசியில் கதவு இருக்கிறது. அங்கே எப்போதுமே இருந்திருக்கிறது, நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. தடுப்புப் பலகையைத் தாண்டிப் போய் ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போடுகிறேன். உட்காருகிறேன்.

முதல்வர் அவர்களே, இதுதான் என் பதில். விடைத்தாள் கட்டுகளுக்கு வேறு இடம் பாருங்கள். பொறுப்பை நான் ஏற்கிறேன். நம் டாக்டரம்மா தொடங்கிய புதன்கிழமை ஒன்றுகூட நிற்காது. ஐந்தாம் மாடி சிகிச்சையைப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அனுமதிக்கப்பட்ட அந்த ஒரே கேள்வியை மட்டும் கேட்பேன். மனிதர்கள் ஏன் கனவு காண்கிறார்கள் என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியும்வரை அந்தக் கதவு திறந்திருக்கும். தெரிந்த பிறகும் திறந்திருக்கும்.

டாக்டரம்மா, நான் சொல்லிவிட்டேன். உங்கள் முறையில் நீங்கள் சொல்ல வேண்டிய அந்த நல்ல கனவை, உங்களிடமே இருக்கட்டும் என்று விடுகிறேன். அது உங்கள் சொத்து.

மூன்றாம் வரிசையில் இருக்கும் தம்பி, புதன்கிழமை வாருங்கள். கேட்பவர் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. உங்கள் கூட்டாளி திரும்பிவிட்டார்.

அப்புறம்?